அனுமதி மறுக்கப்பட்டால், 777 அடிக்கும் முன்

உங்கள் கணினி, உங்கள் கணக்கு, நீங்களே எழுதிய கோப்பு. அதில் கை வைக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று ஒரு வரி. கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தோடு இணையத்தில் தேடினால் அடிக்கடி அகப்படுகிற மருந்து ஒன்று உண்டு: கோப்புறை முழுவதுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடு. கொடுத்ததும் கோப்பு திறந்துவிடும். ஆனால் என்ன பழுதாயிருந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். முன்பு சரியாக இருந்த பலதும் சத்தமில்லாமல் குழம்பியிருக்கும்.

லினக்ஸ் பாவிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை வைக்க முன் வடிவாகப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அனுமதிப் பிரச்சினை என்று நாம் நினைக்கிற பலவற்றில் அனுமதியில் ஒரு பிழையும் இருப்பதில்லை. கோப்பு வேறொருவர் பெயரில் இருக்கும், அல்லது கோப்புக்குப் போகிற வழி அடைபட்டிருக்கும். அது எது என்று பார்த்துச் சொல்லவே கட்டளைகள் இருக்கின்றன. திருத்துகிற கட்டளைகளை விட அவைதான் முக்கியம்.

கட்டளைகளை வாசிக்கும் ஓசையில் தமிழிலேயே தருகிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றையும் கணக்குப் பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

உப்புவெளியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னறையில் ஒரு டெஸ்க்டொப், அதில் உபுண்டு என்ற லினக்ஸ். அக்கா கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தில் படிக்கிறார். தம்பிக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. பெயர்களும் அக்கா, தம்பி என்றே இருக்கட்டும். தம்பிக்கு ரியூசனில் வினாத்தாள்கள் அடங்கிய ஒரு சிப் கோப்பு கொடுத்தார்கள். அதை விரித்தான். விடை எழுதும் கோப்பு திறக்கிறது, வாசிக்க முடிகிறது, எழுதிவிட்டுச் சேமிக்கப் போனால் மாட்டேன் என்கிறது.

முதலில் செய்யவேண்டியது எல்எஸ். எல், எஸ் என்ற இரண்டு எழுத்துத்தான். அதோடு -எல் சேர்த்தால் விரிவான பட்டியல் வரும்:

எல்எஸ் -எல் /ஹோம்/தம்பி/வினாத்தாள்கள்

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். வரியின் தொடக்கத்தில் பத்து இடங்கள். முதல் இடம் இது என்ன வகை என்று சொல்கிறது: கோடு என்றால் சாதாரணக் கோப்பு, டி என்றால் கோப்புறை, எல் என்றால் வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி. மீதி ஒன்பது இடங்களும் மும்மூன்றாகப் பிரியும். முதல் மூன்று கோப்பின் உடைமையாளருக்கு, அடுத்த மூன்று கோப்பு சேர்ந்திருக்கும் குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு மூன்றிலும் ஆர் இருந்தால் வாசிக்கலாம், டபிள்யூ இருந்தால் எழுதலாம், எக்ஸ் இருந்தால் நிரலாக இயக்கலாம். கோடு இருந்தால் அந்த உரிமை இல்லை.

இந்த ஏற்பாடு நம் வீட்டுக் கணினிக்காகச் செய்யப்பட்டதல்ல. 1969-இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் தொடங்கியபோது ஒரு கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவித்தார்கள். ஒருவருடைய வேலையை இன்னொருவர் கெடுக்காமலிருக்க இது தேவைப்பட்டது. லினக்ஸும் மேக்கும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரே ஆள் பாவிக்கும் கணினியிலும் பின்னணியில் ரூட் என்ற நிருவாகியும், பலவகைச் சேவைகளுக்கான கணக்குகளும் இருக்கத்தான் செய்கின்றன.

சரி, தம்பியின் வரிக்கு வருவோம். தொடக்கத்தில் கோடு, பிறகு ஆர், டபிள்யூ, கோடு, ஆர், கோடு, கோடு, மறுபடி ஆர், கோடு, கோடு. உடைமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் வாசிக்க மட்டும். விடைத்தாள் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான அனுமதி இல்லை. அப்படியானால் ஏன் சேமிக்க முடியவில்லை? அதே வரியில் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் பாருங்கள். ஒரு சின்ன எண், அதற்கடுத்து உடைமையாளர் பெயர், அதற்கடுத்து குழுவின் பெயர். அங்கே ‘ரூட் ரூட்’ என்று இருக்கிறது. தம்பி அந்தக் கோப்புக்கு ‘மற்றவர்’.

எப்படி நடந்தது? சிப்பை விரிக்கும்போது அவன் கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டிருக்கிறான். எஸ், யு, டி, ஓ. அதைப் போட்டால் கட்டளை ரூட்டின் பெயரில் ஓடும். அது உருவாக்குகிற கோப்புகளும் ரூட்டின் பெயரிலேயே பிறக்கும். எது செய்தாலும் முன்னால் சூடோ போடுகிற பழக்கம் புதியவர்களிடம் நிறைய உண்டு. போட்டால் வேலை நடக்கிறதே என்று போடுவார்கள். வீட்டுக் கணினிகளில் வரும் அனுமதிச் சிக்கல்களுக்குப் பெரிய ஊற்று அந்தப் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

இங்கே 777 கொடுத்தாலும் சேமிக்க முடியும். ஆனால் கோப்பு ரூட்டின் பெயரிலேயே கிடக்கும். நாளைக்குத் தம்பி தன் கோப்பின் அனுமதியை மாற்ற நினைத்தால் அதற்கும் சூடோ வேண்டிவரும். சரியான வேலை, கோப்பைத் தம்பியின் பெயருக்கு மாற்றுவது. அதற்கான கட்டளை சிஎச்ஓன். எழுத்துகள் சி, எச், ஓ, டபிள்யூ, என்.

சூடோ சிஎச்ஓன் -ஆர் தம்பி:தம்பி /ஹோம்/தம்பி/வினாத்தாள்கள்

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது உடைமையாளர், பின்னால் இருப்பது குழு. இந்த -ஆர் பெரிய எழுத்து. கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் செய் என்று பொருள். இந்த இடத்தில் சூடோ தேவைதான், ஏனென்றால் லினக்ஸில் உடைமையாளரை மாற்ற ரூட்டுக்கு மட்டுமே உரிமை.

இப்படி இன்னும் எத்தனை கோப்பு தம்பியின் வீட்டுக் கோப்புறையில் ரூட்டின் பெயரில் ஒளிந்திருக்கிறது? அதைத் தேட ஃபைண்ட் இருக்கிறது:

ஃபைண்ட் /ஹோம்/தம்பி ! -யூசர் தம்பி -எல்எஸ்

‘தம்பிக்குச் சொந்தமில்லாதவற்றைக் காட்டு’ என்று அதற்குப் பொருள். ஆச்சரியக்குறி ‘அல்லாத’ என்ற வேலையைச் செய்கிறது. பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளும் இந்தப் பட்டியலில் வரும். அவற்றில் டாட் எக்ஸ்ஆதோரிட்டி (எக்ஸ் பெரியது) என்ற, திரைக்குள் நுழையத் தேவையான கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறியிருந்தால் ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டுவீர்கள். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே நுழைவுத் திரைக்கே வந்து நிற்கும். கடவுச்சொல் பிழை என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் வெறும் எழுத்துத் திரையில் நுழைந்து, அந்த ஒரு கோப்பை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

மறைந்த கோப்புகள் என்றதும் ஒரு எச்சரிக்கை. அவற்றை மொத்தமாகப் பிடிக்க ‘புள்ளி, நட்சத்திரம்’ என்று தட்டி -ஆர் சேர்த்து சிஎச்ஓன் ஓட்டாதீர்கள். டெர்மினலில் நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரலான பாஷின் பழைய பதிப்புகளில் அந்தக் குறி இரட்டைப் புள்ளியையும், அதாவது மேலே இருக்கிற கோப்புறையையும், சேர்த்துப் பிடிக்கும். தம்பி தன் கோப்புகளைத் தன் பெயருக்கு மாற்றப் போய், அக்காவின் கோப்புகளையும் சேர்த்து எழுதிக்கொண்டுவிடுவான்.

அடுத்தது வழி. இதை விளங்கிக்கொள்ளாமல் பலர் மணிக்கணக்கில் மண்டையை உடைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அக்காவிடம் ஒரு படக்கோப்பு இருக்கிறது. /ஹோம்/அக்கா/படங்கள் என்ற கோப்புறையில். அதன் வரியைப் பார்த்தால் எல்லோரும் வாசிக்கலாம் என்றே இருக்கிறது. ஆனாலும் தம்பி திறக்கப் போனால் அனுமதி மறுப்பு. அக்கா 777 கொடுத்துப் பார்த்தார். அப்போதும் மறுப்பு!

கோணேசர் கோயிலுக்கு யாரும் போகலாம். ஆனால் கோயில் சுவாமி மலையில் இருக்கிறது, அங்கே ஏறுகிற பாதை பிரெடெரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறது. கோட்டை வாசலைச் சாத்திவிட்டால், மேலே கோயிற் கதவு அகலத் திறந்திருந்தும் பயனில்லை. கோப்புக்கும் இதே கதைதான். படத்தை எட்டுவதற்கு முன் /ஹோம், அதற்குள் அக்கா, அதற்குள் படங்கள் என்று மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் அந்த ஆளுக்கு எக்ஸ் இருக்க வேண்டும். கோப்புறையில் எக்ஸ் என்றால் இயக்குவது அல்ல, அதைக் கடந்து உள்ளே போவது. ஆர் என்றால் உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் பார்ப்பது. டபிள்யூ என்றால் உள்ளே புதிதாக உருவாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது. ஆனால் டபிள்யூ மட்டும் இருந்து எக்ஸ் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் வீட்டுக் கோப்புறைகளுக்கு 750 என்ற அனுமதிதான் கிடைக்கிறது (எண்களின் பொருளைக் கீழே சொல்கிறேன்). முன்பு 755. இப்போது ‘மற்றவர்’ யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அக்காவின் வாசல் சாத்தியிருப்பது அதனால்தான். அது நல்ல காரியமும்கூட.

வழியில் எந்த வாசல் சாத்தியிருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்ட ஒரு கட்டளை இருக்கிறது, நிறையப் பேருக்கு அது தெரியாது. நேம்ஐ. எழுத்துகள் என், ஏ, எம், இ, ஐ.

நேம்ஐ -எல் /ஹோம்/அக்கா/படங்கள்/தேர்.ஜேபெக்

எல்லாக் கோப்புறைகளும் தொடங்கும் இடமான தலைப்பாதையிலிருந்து கோப்பு வரைக்கும் ஒவ்வொரு படியின் அனுமதியும் உடைமையாளரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மேலிருந்து கீழே வாருங்கள். உங்களுக்கு எக்ஸ் இல்லாத முதல் வரி எதுவோ அங்கேதான் பழுது. அனுமதிச் சிக்கல் என்று யார் கேட்டாலும் நான் முதலில் ஓட்டச் சொல்வது இதைத்தான்.

அழிப்பதைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை, அது கிடக்கும் கோப்புறையில் இருந்தால் போதும். அக்கா தன் கோப்பை ‘வாசிக்க மட்டும்’ என்று பூட்டித் தம்பியின் கோப்புறையில் வைத்தால், தம்பி அதைத் திருத்த முடியாது, ஆனால் அழித்துவிட முடியும். எல்லோரும் எழுதுகிற /டெம்ப் கோப்புறையில் இந்த வம்பு வராமலிருக்கத்தான் அதன் வரியின் கடைசி எழுத்து எக்ஸ் அல்லாமல் டி (டெம்ப்பின் முதல் எழுத்து) என்று இருக்கிறது. அங்கே அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம்.

எண்களுக்கு வருவோம். ஆருக்கு 4, டபிள்யூவுக்கு 2, எக்ஸுக்கு 1. கூட்டினால் ஒரு இலக்கம். 6 என்றால் வாசிக்க, எழுத. 5 என்றால் வாசிக்க, இயக்க. 7 என்றால் மூன்றும். உடைமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இலக்கம். 644 சாதாரணக் கோப்புக்கு, 755 கோப்புறைக்கும் நிரல்களுக்கும், 600 தனிப்பட்ட கோப்புக்கு, 700 தனிப்பட்ட கோப்புறைக்கு. இந்த நாலையும் தெரிந்து வைத்திருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். மாற்றுகிற கட்டளை சிஎச்மோட். சி, எச், எம், ஓ, டி. எண் வேண்டாமென்றால் ‘யு+டபிள்யூ’ என்று எழுதலாம்: உடைமையாளருக்கு எழுதும் உரிமையைச் சேர், மற்றதைத் தொடாதே. புதியவர்களுக்கு நான் இந்த எழுத்து முறையைத்தான் சொல்வேன். எண் முழு அனுமதியையும் அழித்து எழுதும். எழுத்து முறை கேட்டதை மட்டும் மாற்றும்.

எண்களைத் தெரிந்தவர்களும் தடுமாறும் ஒரு நுணுக்கம்: கணினி மூன்று வகுப்புகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உடைமையாளர் என்றால் உடைமையாளரின் மூன்று எழுத்துகளை மட்டுமே பார்க்கும். உங்களுக்கு ஒன்றுமில்லாமல் ‘மற்றவர்’ எல்லோருக்கும் வாசிக்கும் உரிமை இருந்தாலும் உங்களுக்குக் கதவு சாத்தியதுதான். ரூட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது.

இப்போது 777-இன் மீது எனக்கிருக்கும் மனக்குறையைச் சொல்கிறேன். வீட்டுக் கணினியில் யார் வந்து களவெடுக்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். -ஆர் போட்டு 777 கொடுக்கும்போது, முன்பு எந்தக் கோப்புக்கு எந்த அனுமதி இருந்தது என்ற விவரம் முழுவதும் அழிந்துபோகிறது. அதைத் திருப்புகிற பொத்தான் கிடையாது. சில நிரல்கள் அதன்பிறகு வேலை செய்யவும் மறுக்கும். வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச், தன் ரகசியச் சாவிக்கோப்பை மற்றவர்களும் வாசிக்கலாம் என்று கண்டால், அந்தச் சாவியைத் தொடவே மாட்டேன் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை போடும். அதற்கு 600 வேண்டும்.

தலைப்பாதைக்கே, அதாவது வெறும் சாய்கோட்டுக்கே, யாராவது 777-ஐ -ஆர் போட்டு ஓட்டிவிட்டால் நிலைமை வேறு. சூடோ நிரலின் அனுமதி வரியில் உடைமையாளரின் எக்ஸ் இருக்கும் இடத்தில் எஸ் என்ற எழுத்து இருக்கும். யார் ஓட்டினாலும் நிரல் அதன் உடைமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் என்று பொருள். டெனிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பு அது. 1979-இல் அதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. நீங்கள் உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்ற முடிவதும் அதனால்தான். 777 என்று கொடுத்ததும் அந்த எஸ் போய்விடும். அப்புறம் சூடோ, தனக்கு அந்தக் குறி இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பழுதைத் திருத்த சூடோ வேண்டும், சூடோதான் பழுது!

அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கணினி தொடங்கும்போது மீட்பு முறையைத் தெரிந்தெடுத்து ரூட் திரைக்குப் போகலாம், அங்கே 4755 என்று சூடோவுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். முன்னால் வரும் 4-தான் அந்த எஸ். ஃபெடோரா போன்ற, ஆர்பிஎம் என்ற பொதி நிறுவியைப் பாவிக்கும் லினக்ஸ் குடும்பத்தில், பொதிகளின் (நிறுவும் மென்பொருள்களின்) மூல அனுமதிகளைத் திருப்பி வைக்க செட்பெர்ம்ஸ் என்ற வசதியே உண்டு. உபுண்டுவின் பொதி நிறுவியான டிபிகேஜியில் அதற்கு நிகரான கட்டளை இல்லை. பொதிகளை மறுபடி நிறுவ வேண்டும். உண்மையைச் சொன்னால், வீட்டுக் கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு உபுண்டுவைப் புதிதாக நிறுவுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

தம்பியின் கோப்புறைக்குள் மட்டும் அனுமதிகள் குழம்பியிருந்தால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கோப்புறைகளுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 755 கொடுத்தால் வினாத்தாள்கூட இயக்கத்தக்க நிரல் என்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் 644 கொடுத்தால் கோப்புறைகளில் எக்ஸ் போய் உள்ளே நுழையவே முடியாது. பிரிக்கிற வேலையை ஃபைண்ட் செய்யும்:

ஃபைண்ட் வினாத்தாள்கள் -டைப் டி -எக்செக் சிஎச்மோட் 755 {} +
ஃபைண்ட் வினாத்தாள்கள் -டைப் எஃப் -எக்செக் சிஎச்மோட் 644 {} +

முதல் வரி கோப்புறைகளை மட்டும் பிடிக்கும், இரண்டாவது கோப்புகளை மட்டும். சிஎச்மோட்டில் பெரிய எக்ஸ் என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. அது கோப்புறைகளுக்கும், ஏற்கனவே எக்ஸ் இருக்கும் கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் கொடுக்கும். அதனால் ஏற்கனவே 777 அடித்த இடத்தில் அது உதவாது. எல்லாக் கோப்பிலும் எக்ஸ் இருக்கிறதே.

அக்காவும் தம்பியும் கோப்புகளைப் பங்கிட வேண்டும் என்றால், அக்காவின் வாசலைத் திறப்பதை விடப் பொதுவான ஒரு கோப்புறை வைப்பதே வழி. க்ரூப்ஆட் கட்டளையால் ‘வீடு’ என்று ஒரு குழுவை உருவாக்கி, யூசர்மோட் கட்டளையால் இருவரையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது -ஏஜி என்று கொடுங்கள்: ஏ சிறியது, ஜி பெரியது. அந்த ஏ தவறிப்போனால் அந்த ஆள் ஏற்கனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார். அவற்றில் சூடோ குழுவும் ஒன்று! பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்; அதற்கு முன் புதிய குழு செல்லாது.

பொதுக் கோப்புறையை /எஸ்ஆர்வி என்ற இடத்தில் வைத்து, அதன் குழுவை ‘வீடு’ என்று மாற்றி, 2770 கொடுங்கள். முன்னால் வரும் 2 இருப்பதால் உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் தானாகவே ‘வீடு’ குழுவில் சேரும். ஆனால் அக்கா தன் கோப்புறையிலிருந்து ஒரு கோப்பை வெட்டி இங்கே ஒட்டினால் அது பழைய குழுவோடேயே வரும். நகலெடுத்து ஒட்டினால் புதிய குழு கிடைக்கும். யூமாஸ்க் என்று தட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். 0002 என்று வந்தால் புதிய கோப்புகளில் குழுவும் எழுதலாம். 0022 என்று வந்தால் குழு வாசிக்க மட்டுமே. அப்போது செட்ஃபேக்ல் கட்டளையால் அந்தக் கோப்புறைக்கு மட்டும் தனி இயல்புநிலை வைக்கலாம்.

அனுமதிபோலத் தோன்றி அனுமதியாக இல்லாதவையும் சில உண்டு. பிழைச் செய்தியின் சொற்களை வடிவாக வாசித்தால் பிடிபடும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால் சிஎச்மோட்டை விட்டுவிடுங்கள். கரண்ட் திடீரென்று போய் வந்தபின் வட்டில் கோளாறு கண்டால், உபுண்டு மேலும் கெடாமலிருக்க முழு வட்டையும் வாசிக்க மட்டும் என்று மாற்றிவிடும். அதற்கு எஃப்எஸ்சிகே என்ற வட்டுச் சோதனை வேண்டும். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி அதன் வட்டை அரைத் தூக்கத்தில் விட்டிருக்கும். லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்துவதுதான் மருந்து. ‘ஒபரேஷன் நொட் பெர்மிட்டட்’ என்று ரூட்டுக்கே வந்தால் எல்எஸ்ஆட்டர் ஓட்டிப் பாருங்கள். ஐ என்ற குறி தெரிந்தால் யாரோ கோப்பை மாற்றமுடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். சிஎச்ஆட்டர் -ஐ அதை அவிழ்க்கும்.

பென் டிரைவுக்கு வேறு கதை. எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி வகை வட்டுகளில் இந்த உடைமையாளர், குழு விவரங்களை எழுதிவைக்க இடமே இல்லை. அதில் எவ்வளவு சிஎச்மோட் அடித்தாலும் வரி மாறாது. அதில் நாம் காண்பதெல்லாம் இணைக்கும்போது லினக்ஸ் தானாகப் பூசிய அனுமதி.

பழைய கணினி செத்து, அதன் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிப் புதியதில் போடுகிறவர்கள் எல்எஸ் பட்டியலில் பெயருக்குப் பதில் 1001 என்று எண் நிற்பதைக் காண்பார்கள். வட்டில் எழுதியிருப்பது எப்போதும் எண்தான். பெயர், ஓடுகிற கணினியின் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் ஆளுக்கு 1000. பழைய கணினியில் அக்கா 1000, புதியதில் தம்பி 1000 என்றால், அக்காவின் கோப்புகள் எல்லாம் தம்பியுடையவை என்று காட்டும். எல்எஸ் -எல்என் எண்ணையே காட்டும். பிறகு சிஎச்ஓன்.

விண்டோஸில் அனுமதி முறையே வேறு, கட்டளைகளும் வேறு. பழைய வட்டிலிருந்த கோப்புறை திறக்க மறுத்தால், நிருவாகியாகத் திறந்த கட்டளைத் திரையில் டேக்ஓன் உடைமையை எடுத்துத்தரும். ஐகேக்ல்ஸ் கட்டளையோடு /ரிசெட் /டி சேர்த்தால் உள்ளே இருப்பவற்றின் அனுமதிகள் மேல் கோப்புறையிலிருந்து வரும் இயல்புநிலைக்குத் திரும்பும். மேக் பாவிப்பவர்களுக்கு, ‘டிஸ்க் யூட்டிலிட்டியில் ரிப்பேர் பெர்மிஷன்ஸ் அழுத்து’ என்ற ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொத்தானை ஆப்பிள் 2015-இல் எல் கேப்பிட்டன் பதிப்போடு எடுத்துவிட்டது. கணினியின் சொந்தக் கோப்புகளை இப்போது ரூட்டே மாற்ற முடியாது. டெர்மினல் உங்கள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைத் தொட மறுத்தால் அது பெரும்பாலும் தனியுரிமை அமைப்பின் வேலை. அனுமதியை அமைப்புகளில்தான் கொடுக்க வேண்டும்.

எந்தக் கோப்புறையிலாவது -ஆர் போட்டு எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் கெட்ஃபேக்ல் ஓட்டிவிடுங்கள். ஜி, இ, டி, எஃப், ஏ, சி, எல். சில கணினிகளில் ஏசிஎல் என்ற பொதியை முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.

கெட்ஃபேக்ல் -ஆர் வினாத்தாள்கள் > அனுமதிகள்.டிஎக்ஸ்டி

இதிலும் ஆர் பெரியது. ஒவ்வொரு கோப்பின் உடைமையாளர், குழு, அனுமதி எல்லாம் அந்த எழுத்துக் கோப்பில் பதிவாகிவிடும். குழம்பிப்போனால் அதே இடத்தில் நின்று சூடோவோடு செட்ஃபேக்ல் --ரிஸ்டோர்=அனுமதிகள்.டிஎக்ஸ்டி என்று ஓட்டுங்கள். இடம் மாறினால் கோப்புகளை அதனால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பாதைகளை அது நீங்கள் நின்ற கோப்புறையிலிருந்துதான் எழுதிவைத்திருக்கும்.